மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் போராட்டத்தைப் படமாக்க எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைக்கதைப் பட்டறைகளிலும் ஆவணப்பட வட்டங்களிலும், பெண்களின் அரசியல் போராட்டத்தைப் பற்றிப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் பலர் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. கேட்பவர் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்துள்ளேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

மேற்கு ஆப்பிரிக்கா என்றால் எந்தெந்த நாடுகள்? எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதானே இருக்கும்?

ஐ.நா.வின் வகைப்பாட்டில் 16 நாடுகள் வருகின்றன. நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா ஆகிய நான்கும் பிரிட்டனின் ஆட்சியில் இருந்தவை. செனகல், மாலி, கினி, ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ, பெனின், டோகோ, நைஜர், மொரித்தானியா ஆகியவை பிரான்சின் ஆட்சியையும், கினி-பிசாவ், கேப் வெர்டி ஆகிய இரண்டும் போர்ச்சுகலின் ஆட்சியையும் கண்டவை. லைபீரியா மட்டும் தனி வகை. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847-இல் அதைத் தனிக் குடியரசாக அறிவித்தனர்.

ஒரே மாதிரி இருக்கும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். நைஜீரியாவில் 20 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். காம்பியாவில் 30 லட்சம் பேர்கூட இல்லை. உங்கள் படத்துக்கு அதைவிட முக்கியமானது, பெண்கள் யாரை எதிர்த்து நின்றார்கள் என்பது. ஓரிடத்தில் எதிரே நின்றவர் ஆங்கிலேய அதிகாரி, வேறிடத்தில் பிரெஞ்சுச் சிறைக்காவலர், மற்றோரிடத்தில் சொந்த நாட்டின் குடியரசுத் தலைவர், இன்னோரிடத்தில் சொந்த வீட்டுப் பாட்டி. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு படங்கள்.

முதலில் நாட்டை முடிவு செய்ய வேண்டுமா, கதையையா?

நிகழ்வை முடிவு செய்யுங்கள். நாடு அதனோடு வந்துவிடும். "பெண்களின் போராட்டம்" என்பது கதை ஆகாது. "சந்தையில் அரிசி விற்கும் பெண்களிடமிருந்து வரி வசூலிப்பவர்கள் மூட்டையைப் பறித்தார்கள், அந்தப் பெண்கள் அரசரின் அரண்மனை வாசலுக்குப் போனார்கள்" என்பதுதான் கதை. அவர்கள் என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், கிடைத்ததா என்ற மூன்றுக்கும் ஒரு பக்கத்துக்குள் உங்களால் விடை எழுத முடிந்தால், விமானச் சீட்டைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

நாட்டின் பெயரையே சொல்லாமல் "ஆப்பிரிக்காவில் ஒரு நாடு" என்று வைத்துக்கொண்டால் வம்பில்லையே?

வம்பு இல்லைதான், ஆனால் படமும் இருக்காது என்பது என் உறுதியான கருத்து. பெயரில்லாத நாட்டில் பெண்கள் எதிர்க்கும் சட்டத்துக்கும் பெயர் இருக்காது. அவர்கள் பாடும் பாட்டுக்கு மொழி இருக்காது, வெற்றி பெற்ற நாளுக்குத் தேதி இருக்காது. உயிரைப் பணயம் வைத்து வரலாற்றில் இடம்பிடித்த பெண்களை மறுபடியும் முகமற்றவர்களாக ஆக்குவது பெரிய அநியாயம். கற்பனைக் கதாபாத்திரங்களைத் தாராளமாக உருவாக்குங்கள். ஊரையும் ஆண்டையும் மட்டும் உண்மையாக வையுங்கள்.

எல்லோரும் லைபீரியா, லைபீரியா என்கிறார்களே, அங்கே அப்படி என்னதான் நடந்தது?

லைபீரியாவில் 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1997-இல் ஓய்ந்து, 1999-இல் மறுபடியும் மூண்டது. 2003-இல் கிளர்ச்சிப் படைகள் தலைநகர் மன்ரோவியாவை நெருங்கிய வேளையில், லேமா குபோவி உள்ளிட்ட பெண்கள் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒன்றாகத் திரட்டி, மீன் சந்தைக்கு அருகே சாலையோரத் திடலில் அன்றாடம் வந்து அமர்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. நகையும் ஒப்பனையும் கிடையாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: குடியரசுத் தலைவர் சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலை வழியாகத்தான் போய் வரும்.

ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்திக்க இசைந்தார். அப்போது குபோவி தம் அறிக்கையை டெய்லரின் முகத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. அங்கே அமர்ந்திருந்த செனட் தலைவர் கிரேஸ் மைனரை, அதாவது அரசில் இருந்த ஒரு பெண்ணை, நோக்கித் திரும்பி நின்று வாசித்தார். இந்த ஒரு திருப்பத்தில் இருக்கும் நாடகத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் எளிதில் கற்பனை செய்துவிட முடியாது. ஜூன் மாதம் கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. வாரக்கணக்கில் அது இழுபட்டபோது, ஜூலை 21 அன்று பெண்கள் மண்டபத்தின் வாயிலை மறித்துக் கைகோத்துத் தரையில் அமர்ந்து, ஒப்பந்தம் ஆகாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். குபோவியைக் கைது செய்யக் காவலர்கள் வந்ததும் அவர் தம் உடைகளைக் களையத் தொடங்கினார். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் வந்து அவர்களோடு பேச வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குச் சென்றார். ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005 தேர்தலில் வென்ற எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 2011-இல் அவருக்கும் குபோவிக்கும் யேமனின் தவக்குல் கர்மானுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதைப் பற்றி ஏற்கெனவே ஆவணப்படம் வந்துவிட்டதே, நாங்களும் எடுப்பதில் பொருள் உண்டா?

2008-இல் ஓர் ஆவணப்படம் வந்தது, உலகெங்கும் பார்க்கப்பட்டது. தலைவர்களின் கதையை அது நன்றாகச் சொல்லிவிட்டது. சொல்லப்படாதது, திடலில் உட்கார்ந்திருந்த மற்றவர்களின் கதை. காலையில் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு வந்தவர், மகனைச் சிறார் படைக்குப் பறிகொடுத்தவர், அகதி முகாமிலிருந்து நடந்து வந்தவர் என்று அங்கே பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைப் பின்தொடரும் படத்துக்கு இடம் உண்டு. அதே நிகழ்வுகளை அதே வரிசையில் மீண்டும் நடித்துக் காட்டுவதற்குத்தான் இல்லை.

நைஜீரியாவில் ஏராளமான கதைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு கதைகளைச் சொல்கிறேன். முதலாவது 1929. தென்கிழக்கில் ஒலோக்கோ என்ற ஊரில் நவன்யெருவா என்ற பெண் பனையெண்ணெய் பிழிந்துகொண்டிருந்தபோது, ஆங்கிலேயர் நியமித்த உள்ளூர்த் தலைவரின் ஆள் வந்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடுகள் என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டான். ஆண்களுக்கு வரி விதித்ததும் இதே போன்ற கணக்கெடுப்பில்தான் தொடங்கியது. ஆகவே அடுத்தது பெண்களுக்கு என்பதை அவர் உடனே உணர்ந்தார். உன் தாயை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டார். செய்தி பனங்குருத்துகளோடு ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் கூட்டமாகச் சென்று தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து, இரவு முழுவதும் அவர்களை ஏசிப் பாடி ஆடி, பதவியின் அடையாளமான தொப்பியைப் பறித்தார்கள். அத்துமீறிய ஆணைத் தண்டிக்க அந்தச் சமூகப் பெண்களிடம் காலங்காலமாக இருந்த முறை அது. அதிகாரிகளுக்கு அது கலகமாகத் தெரிந்தது. டிசம்பர் மாதத் துப்பாக்கிச் சூடுகளில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள்.

இரண்டாவது, தென்மேற்கில் அபெயோகுட்டா. அங்கே பெண்களுக்குத் தனியாக வரி இருந்தது. சிறுமிக்கு வரி கட்டும் வயது வந்துவிட்டதா என்று பார்க்க அவளது ஆடையை அகற்றிய கொடுமையும் நடந்தது. பள்ளி ஆசிரியரான ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி, படித்த பெண்களின் சிறிய மன்றத்தைச் சந்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, 1946-இல் அபெயோகுட்டா பெண்கள் சங்கமாக ஆக்கினார். அதில் 20,000 உறுப்பினர்கள் இருந்ததாகச் சங்கம் கூறியது. ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் "உல்லாசக் கூடல்" என்று பெயர் சூட்டிக்கொண்டு கூடினார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தால் அதை எடுத்துத் திருப்பி எறிவது எப்படி என்று அவர் பயிற்சி கொடுத்தார். 1949 ஜனவரியில், அவர்கள் எதிர்த்த அபெயோகுட்டா அரசர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அவர் திரும்பி வந்தார் என்பதையும் படம் மறைக்கக் கூடாது. ரான்சம்-குட்டியின் மகன்தான் இசைக்கலைஞர் ஃபெலா குட்டி. 1977-இல் ஃபெலாவின் வீட்டைப் படையினர் தாக்கியபோது அந்தத் தாயைச் சன்னலிலிருந்து வெளியே தள்ளினார்கள். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

ஆங்கிலம் பேசும் நாடுகளையே சொல்கிறீர்களே, பிரெஞ்சு பக்கம் ஒன்றும் இல்லையா?

நிறைய உண்டு, ஆவணங்கள் பிரெஞ்சில் இருப்பதால் நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். 1949 டிசம்பரில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து, கிராண்ட்-பாஸாம் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த விடுதலை இயக்கத் தலைவர்களை மீட்கப் பெண்கள் புறப்பட்டார்கள். அந்தக் கைதிகளில் எழுத்தாளர் பெர்னார் தாதியேயும் ஒருவர். வண்டிகள் மறிக்கப்பட்டதால், கடலோரமாக ஏறக்குறைய 40 கிலோமீட்டரைச் சிறு சிறு குழுக்களாக நடந்தே கடந்து, டிசம்பர் 24 அன்று சிறையை நெருங்கினார்கள். படையினர் தண்ணீரைப் பீய்ச்சியும் அடித்தும் விரட்டினார்கள்.

1977 ஆகஸ்ட் 27 அன்று கினியின் கொனாக்ரியில் சந்தைப் பெண்கள், தங்கள் கூடைகளைச் சோதனையிட்டுப் பணம் பறித்த பொருளாதாரக் காவல்துறைக்கு எதிராக எழுந்தார்கள். விடுதலைப் போராட்டத்தில் தம்மோடு நின்ற அதே பெண்கள் தம்மை எதிர்ப்பதைக் குடியரசுத் தலைவர் செக்கு தூரே காண நேர்ந்தது. பிறகு வணிகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2014 அக்டோபர் 27 அன்று புர்கினா ஃபாசோவின் வாகடூகுவில் பெண்கள் களி கிண்டும் மரத்துடுப்புகளை உயர்த்திப் பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். அங்கே ஒரு பெண் ஆணை நோக்கித் துடுப்பை ஓங்குவது பெரும் அவமதிப்பு. 27 ஆண்டுகள் ஆண்ட பிளேஸ் கம்பாவோரே நான்கே நாளில் பதவி விலகினார்.

பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு எதிரான போராட்டத்தைத்தான் எடுக்க விரும்புகிறேன். எந்த நாடு சரி?

இன்று நடக்கும் போராட்டம் வேண்டுமானால் காம்பியா. அங்கே 2015-இல் தடைச் சட்டம் வந்தது. 2023-இல் சிதைப்புச் செய்த மூன்று பெண்கள் அந்தச் சட்டத்தின்கீழ் முதன்முறையாகத் தண்டிக்கப்பட்டபோது, ஒரு இமாம் அவர்களது அபராதத்தைக் கட்டினார். அதைத் தொடர்ந்து சட்டத்தையே நீக்க மசோதா வந்தது. பாதிக்கப்பட்ட பெண்களே முன்னின்று சாட்சி சொன்னார்கள். 2024 ஜூலை 15 அன்று நாடாளுமன்றம் தடையைத் தக்கவைத்தது. செனகலில் வேறு விதமான கதை. 1997-இல் மலிக்கூண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். சட்டம் 1999-இல்தான் வந்தது.

இரண்டிலும் ஒரே எச்சரிக்கை: கத்தியைப் பிடிப்பவரும் பெண், பிள்ளையை அழைத்துச் செல்பவரும் பெண். அந்தப் பாட்டியை அரக்கியாகக் காட்டினால் படம் பொய்யாகிவிடும். பேத்திக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்புகிறார். சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் இது பெண்களின் இரகசியச் சங்கங்களின் சடங்கோடு பிணைந்துள்ளது; அந்தச் சடங்குக் காட்டுக்குள் கேமராவோடு நுழைய முயலவே கூடாது.

கதை நடக்கும் நாட்டிலேயே படம்பிடித்தாக வேண்டுமா?

கட்டாயமில்லை. செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், மேலே சொன்ன சிதைப்பு வழக்கத்தைப் பற்றிய தம் "மூலாதே" படத்தைப் புர்கினா ஃபாசோவின் ஒரு சிற்றூரில் எடுத்தார். அதே மொழி, அதே மண் வீடுகள் கிடைக்கும் இடமாகப் பார்த்து எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எல்லைக்கோடுகள் ஐரோப்பியர் வரைந்தவை; மக்களும் மொழிகளும் இரு பக்கமும் பரவியிருக்கிறார்கள்.

வசதியைப் பார்த்தால் நைஜீரியா முன்னால் நிற்கும். லாகோஸ், எனுகு, அசாபா போன்ற நகரங்களில் தொழில்நுட்பக் குழுவும் நடிகர்களும் கருவிகளும் கிடைக்கும். கானாவும் செனகலும் அடுத்து வரும். லைபீரியாவுக்குப் பெரும்பாலான கருவிகளை வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஆனால் அக்ரா மண்டபக் காட்சிகள் உண்மையிலேயே கானாவில் நடந்தவை என்பதால், லைபீரியக் கதையின் ஒரு பாதியைக் கானாவில் எடுப்பது எவ்வகையிலும் சமரசம் ஆகாது.

எந்த மாதத்தில் போகலாம்?

பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையில்லாத காலம். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று புழுதியைக் கொண்டுவந்து வானத்தை வெளிறச் செய்யும். லென்சைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மன்ரோவியாவில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதாவது சென்னையைப்போல் மூன்று மடங்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லைபீரியப் பெண்கள் அமர்ந்திருந்தது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, கொட்டும் மழையில். அதைப் பளிச்சென்ற வெயிலில் எடுத்தால் அவர்கள் பட்ட பாட்டில் பாதி காணாமல் போகும். 1929 போராட்டமும் 1949 நடைப்பயணமும் வறண்ட மாதங்களில் நிகழ்ந்தவை. அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

பாதுகாப்பு எப்படி? வீட்டில் பயப்படுகிறார்கள்.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றிலும் இப்போது இராணுவ ஆட்சி. ஆயுதக் குழுக்களின் தாக்குதலும் தொடர்கிறது. முதல் படத்துக்கு அங்கே போகச் சொல்ல மாட்டேன். வாகடூகுத் துடுப்புகளின் கதை எவ்வளவு ஈர்த்தாலும் காத்திருங்கள். நைஜீரியாவில் வடகிழக்கும் தென்மேற்கும் ஒன்றல்ல. தென்கிழக்கிலும் உள்ளூர் நிலவரத்தை விசாரிக்காமல் இறங்கக் கூடாது. அக்ரா, டாக்கர், அபிஜான் ஆகியவை பெருநகருக்குரிய கவனத்தோடு வேலை செய்யக்கூடிய இடங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் சான்றிதழ் செல்லாது. மலேரியா மருந்தையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

வசனம் எந்த மொழியில் இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் எடுத்தால் எல்லோருக்கும் புரியுமே?

அபெயோகுட்டா சங்கம் தன் வேலையை யொரூபாவில் நடத்தியது. ரான்சம்-குட்டி இங்கிலாந்தில் படித்தவராக இருந்தும், ஐரோப்பிய உடையை விட்டுச் சந்தைப் பெண்களைப்போல் உடுத்தி, அதிகாரிகளிடமும் யொரூபாவிலேயே பேசினார். அவர் வாயில் சுத்தமான ஆங்கில வசனத்தை வைப்பது அவருடைய அரசியலையே அழிப்பதாகும். 1929 கதைக்கு இக்போவும் இபிபியோவும் வேண்டும். லைபீரியாவில் ஆங்கிலம் பொருந்தும். ஆனால் அது அங்கே தெருவில் பேசப்படும் லைபீரிய ஆங்கிலமாக இருக்க வேண்டும். கானா நடிகர்களை வைத்தால், மன்ரோவியாக்காரர் ஒருவரை வசனப் பயிற்சிக்கு அமர்த்துங்கள்.

அக்ராவில் குபோவி உடையைக் களைய முற்பட்டதாகச் சொன்னீர்கள். அதை எப்படிக் காட்டுவது? தணிக்கையும் இருக்கிறதே?

தணிக்கையைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்; முதலில் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். இப்பகுதியின் பல சமூகங்களில் தாயான பெண், அதிலும் வயதில் மூத்தவர், கோபத்தில் தம் உடலைத் திறந்து காட்டுவது அதைப் பார்க்கும் ஆண்களுக்குச் சாபம். 2002-இல் நைஜீரியாவின் எஸ்கிராவோஸ் எண்ணெய் முனையத்தைக் கைப்பற்றி அமர்ந்த பெண்களும் இதையேதான் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். வேலைவாய்ப்பு, பள்ளி, மின்சாரம் குறித்த வாக்குறுதிகளைப் பெற்ற பிறகே எழுந்தார்கள்.

எனவே கேமரா பார்க்க வேண்டியது பெண்ணின் உடலை அன்று, எதிரே நிற்கும் ஆண்களின் முகத்தை. துப்பாக்கியோடு வந்த காவலர் கண்ணைத் தாழ்த்துகிறார், பின்வாங்குகிறார். தலைத்துணியின் முடிச்சை அவிழ்க்கும் கை ஒன்று போதும். இப்படி எடுத்தால் தணிக்கைக் கேள்வியே எழாது.

உயிரோடு இருப்பவர்களின் கதையை எடுத்தால் அனுமதி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அந்த நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டும் என்பதே என் நிலை. போரில் வன்கொடுமைக்கு ஆளானவர் சொன்னதைப் பயன்படுத்தினால், அவர் பேசும் மொழியில் எழுதி, வாசித்துக் காட்டி இசைவு பெறுங்கள். பின்னர் மனம் மாறினால் அந்தப் பகுதியை நீக்குவதாகவும் எழுதிக் கொடுங்கள். நேரத்துக்குரிய ஊதியமும் கொடுங்கள். சந்தையில் உட்கார்ந்தால் கிடைத்திருக்கும் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டுத்தான் அவர் உங்களோடு பேசுகிறார்.

தயாரிப்பாளர் ஒரு இந்தியக் கதாபாத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

திணிக்காமல் வைக்க உண்மையான ஓர் இடம் உண்டு. 2007 ஜனவரியில் ஐ.நா. அமைதிப் பணிக்காக இந்தியா லைபீரியாவுக்கு அனுப்பிய காவல் படைப்பிரிவு, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டது, ஐ.நா. வரலாற்றில் முழுதும் பெண்களாலான முதல் காவல் படைப்பிரிவு அதுவே. மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த அவர்கள் 2016 வரை முறைமாற்றி அங்கே பணியாற்றினார்கள். ஆனால் அவர்கள் போய் இறங்கியபோது போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அமைதியைக் கொண்டுவந்தவர்கள் லைபீரியப் பெண்கள். இந்தியக் காவலர் அந்தக் கதையைக் கேட்பவராக வரலாம்; காப்பாற்றுபவராக வரக் கூடாது.

எல்லாம் சரி, எங்கள் முதல் படத்துக்கு நீங்களே ஒரு நாட்டைச் சொல்லுங்கள்.

ஐவரி கோஸ்ட். 1949 நடைப்பயணத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு சாலை, ஒரு சிறைவாசல் இருக்கிறது. சில நாள்களில் முடிந்துவிடுகிறது. சிறிய குழுவால் தாங்கக்கூடிய அளவு. காலனிக் காலத்துக் கட்டடங்களோடு கிராண்ட்-பாஸாமின் பழைய நகரம் இன்றும் நிற்கிறது. 2012 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அபிஜான் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. இந்தக் கதை அதிகம் படமாகவும் இல்லை.

அதைவிட, இந்தக் கதைக்குள் தீராத ஒரு கேள்வி இருப்பதே எனக்குப் பெரிய காரணம். பெண்கள் நடந்தது ஆண் தலைவர்களை விடுவிக்க. 1960-இல் விடுதலை பெற்ற நாட்டை அந்த இயக்கம்தான் ஆண்டது. அமைச்சரவையில் முதல் பெண் இடம்பெற 1976 வரை ஆயிற்று. உங்கள் படம் 1949 டிசம்பர் 24-உடன் நிற்கப்போகிறதா, 1976 வரை போகப்போகிறதா என்பதைத் திரைக்கதையின் முதல் வரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒருவரையும், அபிஜான் சந்தைகளில் பேசும் ஜூலா மொழி தெரிந்த ஒருவரையும் இன்றே தேடத் தொடங்குங்கள். நடந்து சென்ற பெண்களின் பேத்திகளிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.